ஆனந்தபாய் அக்காவின் ஹெட்போன்

ஆனந்தபாய் அக்காவின் வீட்டுக்கும் அவளுடைய அண்ணன் ராஜதாஸ் நடத்திய மாவு மில்லுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அரிசியும் மிளகாயும் மல்லியும் திரிபடும். இந்தப் பக்கம் அக்கா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஆபீஸ் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருப்பாள். கேரள எல்லையில் குன்னத்துகாலுக்கும் காரக்கோணத்துக்கும் இடையில் உள்ள எங்கள் ஊரில் அவளைப் பார்க்காதவர்கள் இல்லை. ஆனால் ஆனந்தபாய் என்று கேட்டால் பலருக்கும் ஆளைத் தெரியாது. மில்லுக்காரனுக்க கண்ணு தெரியாத தங்கச்சி என்றால் வழி சொல்வார்கள்.

சின்ன வயதில் அம்மை போட்டுப் பார்வை போனது. அதற்கு முன் ஆறாம் வகுப்பு வரை தமிழில் படித்திருந்தாள். அதன் பிறகு கண் தெரியாதவர்களுக்கான ஒரு விடுதியில் கொஞ்ச காலம் இருந்து பிரம்பு வேலை படித்தாள். எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பாள். சர்ச்சுக்குப் போகும்போதும், மில்லு வாசலுக்கு வரும்போதும், வீட்டுக்குள்ளே நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதும் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

நான் பக்கத்து வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தவள். என் பேர் பிரேமகுமாரி. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேசத் தெரியாதவள் என்று எங்கள் வீட்டிலேயே சொல்வார்கள். யாராவது கேட்டால்தான் பதில் சொல்வேன், அதுவும் கதவைப் பார்த்துக்கொண்டு சொல்வேன். அக்காவிடம் மட்டும் எனக்கு அந்தக் கூச்சம் குறைவு. அவள் என்னைப் பார்க்க முடியாததனாலோ என்னவோ.

தொண்ணூற்றாறாம் வருடம் நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு அக்காவை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். வருகிற போனை வாங்கி உள்ளே இருக்கிற இடங்களுக்குக் கொடுக்கிற வேலை. ஆனால் பத்தாம் வகுப்பு ஜெயித்திருக்க வேண்டும். அடுத்த ரிசல்ட் வரை அந்த இடத்தை வைத்திருக்கிறோம், அதற்கு மேல் முடியாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அக்கா பிரைவேட்டாகப் பரீட்சைக்குப் பணம் கட்டினாள்.

புத்தகத்தை யாராவது வாசித்து கேசட்டில் பிடித்துக் கொடுக்க வேண்டும். அண்ணனுடைய பிள்ளைகள் மலையாளம் மீடியம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். அதனால் அக்கா என்னைக் கேட்டாள்.

"நான் எட்டு தானே அக்கா படிச்சேன்."

"எழுத்து அந்த எட்டில உள்ள எழுத்து தான் மக்கா. பத்துக்குன்னு புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல்ல."

ஒரே ஒரு நிபந்தனையில் சம்மதித்தேன். என் சத்தத்தை வேறு யாரும் கேட்கக் கூடாது. அக்கா என் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தாள்.

அந்த வருடம் சாயங்காலம் தினமும் அரை மணி நேரம் கரண்ட் போகும். ஊரே அதைத் திட்டும். நாங்கள் இரண்டு பேரும் அதற்காகக் காத்திருப்போம். கரண்ட் போனால் மில்லு நிற்கும், டி.வி. நிற்கும், எல்லா வீட்டு ரேடியோவும் நிற்கும். எங்கள் வீட்டுப் பின்னறையில் விளக்கைக் கொளுத்தி வைத்து, பாட்டரி போட்ட அக்காவின் டேப் ரெக்கார்டரை அரிசிப் பானை மேல் வைத்து நான் வாசிப்பேன். கரண்ட் வந்ததும் மில்லு ஒரு உறுமல் உறுமும். அதோடு பட்டனை அமுக்கிவிடுவேன். மறுநாள் காலையில் கேசட்டும் மெஷினும் வேலிக்கு மேலாக அக்காவின் கைக்குப் போகும்.

பிடிப்பதற்கு அரை மணி நேரம் கிடைத்தது. கேட்பதற்குத்தான் நேரம் இல்லை. பகல் முழுக்க மில்லு ஓடும். ராத்திரி எல்லோரும் ஒரே அறையில் படுப்பார்கள், டேப் போட முடியாது. அக்கா பகலில் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் மில்லில் மிளகாய் திரிக்க நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். ஏதோ ஒரு பெல்ட் கழன்று மில்லு திடீரென்று நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் என் சத்தம் மட்டும் ஊருக்கே கேட்கும்படி ஓடிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் எங்கே இருக்கிறது, சிறுநீர் எந்தக் குழாய் வழியாக எந்தப் பைக்குப் போகிறது என்கிற பாடம்.

சத்தியபாய் என்கிற பெண் முதலில் அடையாளம் கண்டாள். அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

"எடீ, இது வேலாயுதனுக்க பெண்ணாட்டி இல்லியா? கேட்டா வாய் திறக்கமாட்டா, இப்பம் மூத்திரம் போற வழி படிச்சுக் குடுக்கா!"

மில்லு திரும்ப ஓடும் வரை சிரித்தார்களாம். சாயங்காலத்துக்குள் அது சாயாக்கடை வரை போனது. என் வீட்டுக்காரர் வந்து, "இன்னைக்கு எனக்கு சாயா தந்தவன்கூட வழி தெரியுமான்னு கேட்டான்" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். அன்று கரண்ட் போனபோது விளக்கைக் கொளுத்தவில்லை. அடுத்த நாளும் இல்லை. கேசட் கேட்டு ஆள் வந்தபோது, தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு ஒரு நாள் அக்காவே வேலியைத் தடவிக்கொண்டு வந்தாள். என்னைக் குறை சொல்லவில்லை. அடுக்களைப் படியில் உட்கார்ந்தாள்.

"தப்பு எனக்க தப்பு ஆக்கும். வாக்குக் குடுத்திட்டு ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டினேன்."

நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"சத்தத்தக் கொறச்சு வச்சா மில்லு தின்னுது. கூட்டி வச்சா சத்தியபாய் தின்னுதா. நான் என்ன செய்யட்டு?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைக் கேட்ட பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள். "ஹெட்போன் வாங்க திருவனந்தபுரம் போறேன். நாற்காலி பின்னின காசு உண்டு. நீயும் வா."

"எனக்கு அதப்பற்றி என்ன தெரியும் அக்கா?"

"உள்ள எப்பிடிக் கேக்குதுன்னு நான் பாக்கேன். வெளியே கேக்குதான்னு நீ தானே பாக்கணும்? உனக்க சத்தத்துக்குக் காவல் நீ தான்."

நான் வாசிக்காவிட்டால் அவளுக்குப் பரீட்சை இல்லை, பரீட்சை இல்லாவிட்டால் அந்த வேலையும் இல்லை. அதை அவள் வாய் திறந்து சொல்லவில்லை என்பதால்தான் எனக்கு மறுக்க முடியவில்லை.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு கடை. நடத்தியவர் ஞானசிகாமணி, எங்கள் பக்கத்துக் களியக்காவிளைக்காரர். எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. அக்கா கையோடு எங்கள் டேப் ரெக்கார்டரையே கொண்டு வந்திருந்தாள். துணிப்பையில் ஒரு கேசட்டும் இருந்தது.

அவர் முதலில் பஞ்சு வைத்த சின்ன ஹெட்போன் ஒன்றைக் கொடுத்து, கடையின் பெரிய செட்டில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார்.

"எப்பிடி உண்டு அக்கா?"

"நல்லா உண்டு."

இன்னொன்றைக் கொடுத்தார். அதுவும் நல்லா உண்டு. மூன்றாவதும் நல்லா உண்டு. அக்கா அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். "பாட்டுன்னா எல்லாத்திலயும் நல்லா தான் இருக்கும் அண்ணாச்சி. நான் பாட்டுப் பரீட்சை எழுதல்ல. எனக்க கேசட்டப் போடணும், எனக்க மெஷின்ல."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "போடட்டா பிரேமா?"

நான் தலையாட்டினேன். அவள் காத்துக்கொண்டே இருந்தாள். கடைக்காரரும் காத்திருந்தார். தலையாட்டியது அவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு வழியில்லாமல் அந்தக் கடையில் வாய் திறந்து, "போடுங்க அக்கா" என்றேன்.

பஞ்சு ஹெட்போனை எங்கள் மெஷினில் சொருகியதும் அக்கா முகம் சுளித்தாள். "ஒரு காதில தான் வருது." எங்கள் மெஷின் ஒற்றைச் சத்த மெஷின், இது இரட்டைச் சத்த ஹெட்போன், அதனால் இடது காதில் மட்டும்தான் வரும் என்று கடைக்காரர் சொல்லி, இடையில் சொருக ஒரு சின்னப் பின் எடுத்துத் தந்தார். அப்போது இரண்டு காதிலும் வந்தது. கூடவே எனக்கும் வந்தது. கை நீட்டுகிற தூரத்தில் நின்ற எனக்கு என் வாசிப்பு கொசு பாடுகிற மாதிரிக் கேட்டது. என்ன பாடம் என்றுகூடத் தெரிந்தது. அன்றைக்கும் அதே சிறுநீரகம்தான்.

"கேக்குது அக்கா."

"அப்பம் வேண்டாம்."

கடைக்காரர் உயரத்து அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். "இது ஒண்ணாந்தரம். வெளிநாட்டுச் சரக்கு." காதில் வைக்கிற கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. அக்கா அதை வைத்ததும் இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்தாள். "பிரேமா, நீ எனக்கு முன்ன இருந்து பேசுறது மாதிரி உண்டு" என்றாள். அந்த ஆசை அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் அந்த வலை வழியாக நான் கடை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் காதைச் சாய்த்தார்.

"ஆரு இது வாசிக்கது? டீச்சரா?"

"ஆமா. டீச்சர் ஆக்கும்" என்றாள் அக்கா.

நான் தரையைப் பார்த்தேன். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அக்கா ஹெட்போனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "நல்ல சாமானம் தான். ஆனா நம்ம பேச்சு வெளியே போவுது, தெருவு உள்ள வருது. பொறத்த அடச்சது ஏதும் உண்டா?"

அவர் கொஞ்சம் மனதில்லாமல்தான் நடு அலமாரியிலிருந்து இரண்டு எடுத்து வைத்தார். விலையும் நடுவில்தான். பின்பக்கம் மூடிய, தேங்காய்ச் சிரட்டை அளவு கறுப்புக் கிண்ணங்கள். "ஸ்டுடியோவில பாடுறவங்க போடுறது இந்த மாதிரி. ஆனா அக்கா, சொல்லிப்போடுறேன், சத்தம் கொடத்துக்குள்ள இருந்து வாறது போல இருக்கும். காதும் வேர்க்கும்."

முதலாவது அக்காவின் தலையை இடுக்கிப் பிடித்தது. "இது நண்டு" என்று உடனே எடுத்துவிட்டாள். இரண்டாவதில் மெத்தை பெரிது, மெதுவானது. அவள் தலையில் அது உட்கார்ந்ததும் நான் பக்கத்தில் போனேன். இன்னும் பக்கத்தில் போனேன். கிண்ணத்தோடு காதை வைத்துக்கூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. உள்ளே நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன், வெளியே நிற்கிற எனக்கு அது கேட்கவில்லை. எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

"அக்கா, வெளியே ஒண்ணுமே கேக்கல்ல!"

ஆனால் அக்காவின் நெற்றி சுருங்கியிருந்தது. மெஷினை நெஞ்சோடு அணைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தாள். தெருவில் ஆட்டோவும் கைவண்டியும் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்களும் போட்ட சத்தத்தில் நின்று கேட்டாள். "உள்ள வருது. ரெண்டு பக்கமும் காதுக்கு மேல வழியா வருது. இதில இந்தத் தெருவே கேக்குதுன்னா மில்லு கேக்காதா?"

நான் அவள் காதை உற்றுப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியின் கால் காதுக்கு மேலே ஓடுகிற இடத்தில் மெத்தை தூக்கிக்கொண்டு நின்றது. அங்கே ஒரு இடைவெளி இருந்தது. அதைச் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. மெதுவாக அந்த இடத்தில் விரலை வைத்தேன். அவளும் தன் விரலை அங்கே கொண்டு வந்தாள். புரிந்துவிட்டது.

"கடையில ஆரெல்லாம் உண்டு பிரேமா?"

"கடைக்காரரு. பொறவு கேசட் வாங்க வந்தவிய கொஞ்சம் பேரு."

அக்கா மெஷினை என் கையில் தந்தாள். அதற்குப் பிறகு ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, என் கையில் கொடுத்தாள். ஒரு கண் முழுக்க மூடிச் சுருங்கியிருந்தது. மற்றதில் நுங்கின் நிறம். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. கேசட் வாங்க வந்தவர்களில் ஒருவர் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அக்கா ஹெட்போனைத் தூக்கிக் காதில் வைத்தாள்.

அவள் முகம் மெதுவாக விரிந்தது. காது அடைபட்டவர்கள் பேசுகிற மாதிரி, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"இப்பம் நீ மட்டும் தான் உண்டு பிரேமா!"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "கொடத்துக்குள்ள இருந்து வாறது போல இல்லியா அக்கா?" என்று உரக்கக் கேட்டார். அவளுக்கு அது கேட்கவில்லை. நான் ஹெட்போனை ஒரு பக்கம் நகர்த்தி, அவர் கேட்டதைச் சொன்னேன்.

"கொடத்துக்குள்ள இருந்தா என்ன, பேசுறது நம்ம ஆளு தானே" என்று அதையே கட்டச் சொன்னாள்.

திரும்பி வரும்போது அமரவிளை செக்போஸ்டில் பஸ் நின்றுவிட்டது. லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அக்காவுக்கு வீடு வரை பொறுக்கவில்லை. பெட்டியைப் பிரித்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்து, பாடம் கேட்க ஆரம்பித்தாள். பஸ் முழுக்க ஆள் இருந்தது. என் சத்தம் அத்தனை பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் கரண்ட் போனபோது விளக்கைக் கொளுத்தினேன்.

அதற்குப் பிறகு என் வாசிப்பே மாறியது. ஒருத்தியைத் தவிர யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்தது. விளங்காத இடத்தில், "அக்கா, இது எனக்குப் பிடிகிட்டல்ல, இன்னொருக்கா வாசிக்கேன்" என்று சொல்லிவிட்டு வாசித்தேன். இரண்டாம் முறை வாசிக்கும்போது எனக்கும் விளங்கியது. பாடம் முடிந்து கேசட்டில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தால் வீட்டுக் கதையெல்லாம் சொன்னேன். மாமியார் சொன்னது, மீன்காரி சொன்னது, யாரிடமும் சொல்லாத ஒன்றிரண்டு காரியங்கள். அத்தனை வருடம் பேசாமல் வைத்திருந்த பேச்சுக்கு அக்காவின் காதில் இடம் கிடைத்தது.

மாசி மாதம் கோயில் உற்சவமும் சர்ச்சில் கன்வென்ஷன் ஜெபக் கூட்டமும் ஒரே வாரத்தில் வந்தன. எங்கள் ஊரில் எப்போதும் அப்படித்தான் வரும். தெற்குத் தென்னையில் கோயிலின் குழாய் ஸ்பீக்கர், வடக்குத் தென்னையில் சர்ச்சின் குழாய் ஸ்பீக்கர், நடுவில் மில்லு. பரீட்சைக்கு நாள் நெருங்கியிருந்தது. நான் வேலிப் பக்கம் நின்று பார்ப்பேன். அக்கா கண்ணாடி இல்லாமல் வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். காது வியர்த்தால் கழற்றி, முந்தானையால் துடைத்து, திரும்ப வைத்துக்கொள்வாள். உதடு அசையும். விரல் பிரம்பைப் பின்னிக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் கேட்காது. நடுவில் சில சமயம் தனியாகச் சிரிப்பாள். நான் சொன்ன எந்தக் கதைக்குச் சிரிக்கிறாள் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு நாள் அவள் ஹெட்போனைக் கழற்றித் துடைக்கிற நேரத்தில் மில்லு வாசலிலிருந்து சத்தியபாய் எட்டிப் பார்த்தாள். "என்ன அக்கா, நல்ல பாட்டா?"

"கணக்கு" என்றாள் அக்கா.

"கணக்குக்கு இப்பிடிச் சிரிக்கவா?"

"நீ படிச்சிருந்தா நீயும் சிரிச்சிருப்ப மக்களே."

கண் தெரியாதவர் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பத்தாம் வகுப்பை விடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. ராஜதாஸ் அண்ணன் ஸ்கூலில் கேட்டுவிட்டு வந்து சொன்னபோது, அக்கா என் பக்கம் திரும்பி, "எட்டு படிச்சவளுக்கு இப்பம் எவ்வளவு டிமாண்டுன்னு பாத்தியா?" என்றாள். எட்டோடு நின்றதை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. அன்று அதைச் சொல்லித்தான் எழுதித் தருகிற ஆளுக்கான பாரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பரீட்சைக்கு எங்களுக்குத் தனி அறை கொடுத்தார்கள். அக்கா சொன்னாள், நான் எழுதினேன். எனக்குப் பழக்கமான வரிகள்தான். நான் மூச்சு விட்ட இடத்தில் அவள் மூச்சு விட்டாள். நான் தடுக்கி விழுந்து திருத்திச் சொன்ன சொற்களை அவள் தடுக்காமல் சொன்னாள். ஒரு வார்த்தையும் நான் எடுத்துக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது. கணக்குப் பரீட்சையில் ஒரு கேள்வியில் அவள் வெகு நேரம் நின்றுவிட்டாள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். கடைசியில், "விட்டிரு, அடுத்தது வாசி" என்றாள். வெளியே வந்தபோது இருவருக்கும் அந்தக் கணக்கின் மேலேதான் பயம். அதில் தோற்றால் எல்லாம் போனது.

ரிசல்ட் வந்த அன்று ஜெயித்தவர்களின் எண்களை ஸ்கூல் வராந்தாவில் ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகளும் அப்பன்மாரும் இடித்துக்கொண்டு நின்றார்கள். ராஜதாஸ் அண்ணனுக்கு அன்று மில்லு விட்டு வர முடியவில்லை. நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். கூட்டம் குறையட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன்.

"முன்ன போ" என்றாள் அக்கா.

போனேன். எண்கள் கண்ணுக்கு முன்னால் எறும்பாக ஓடின. விரலை வைத்துக் கீழே இறங்கினேன். அக்காவின் எண் அங்கே இருந்தது. திரும்பி அவள் காதுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னேன்.

"உண்டு அக்கா."

"கேக்கல்ல."

"உண்டு அக்கா, உங்க நம்பர் உண்டு."

"இந்தச் சத்தத்தில என்ன கேக்கும்? ஹெட்போனா வச்சிருக்கேன்? அங்க நின்னு வாசி."

நான் திரும்பப் போய் அந்தத் தாளுக்கு முன்னால் நின்று, அக்காவின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, எனக்கு இருந்த முழுச் சத்தத்திலும் வாசித்தேன். இடித்துக்கொண்டு நின்றவர்கள் விலகி என்னைப் பார்த்தார்கள். அக்கா கூட்டத்துக்குப் பின்னால் தூணில் சாய்ந்து நின்றாள். இரண்டு கையாலும் கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னொருக்கா வாசி மக்கா."

வாசித்தேன்.